அனுசியா மாட்டிய இரும்பு பெடல்

மேலகரம் அனுசியாவின் முகத்தில் புருஷன் அடித்த தழும்பு எது, சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு எது என்று சமயத்தில் அவளுக்கே குழம்பும். குற்றாலத்தில் ஒரு விடுதியில் அறை துடைக்கும் வேலை. காலை ஆறுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். பழசாக வாங்கிய கியர் சைக்கிளில் பிளாஸ்டிக் பெடல். சாரல் விழுந்தால் செருப்பு வழுக்கும். அப்படி விழுந்து இரண்டு நாள் பிந்திவிட்டாள். மூன்றாம் நாள் பிந்தினால் வேலை கிடையாது என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

புது பெடலுக்கு அவள் எங்கே போவாள்? தென்காசியில் துல்கர்னைன் பாய் சைக்கிள் கடையில், நொறுங்கிய வண்டி ஒன்றின் இரும்பு பெடல்கள் கிடந்தன. செருப்பைப் பிடித்துக்கொள்ள மேலெல்லாம் சின்னச் சின்ன முள். மண்ணெண்ணெய் விட்டுத் துருவைத் தேய்த்து, பாய் சொல்லச் சொல்லத் தானே மாட்டிக்கொண்டாள். கூலி மிச்சம்.

புருஷன் மணிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருடமாக அவன் ஒரு வேலைக்கும் போனதில்லை. பெண்டாட்டி போவதுதான் அவனுக்கு மானக்கேடு. மறுநாள் விடியலில் பக்கத்து வீட்டு ஸ்பேனரோடு சைக்கிள் முன் உட்கார்ந்துவிட்டான்.

“பெடல் இல்லாம எப்படிட்டி போவ? பாக்கேன்.”

தடுக்கப் போனவளுக்குக் காதோடு ஓர் அறை. சுவரில் மோதி உதடு கிழிந்தது.

இடது பெடலைப் பிடித்து முறுக்கினான். ஊரிலுள்ள மரையெல்லாம் இடப்பக்கம் திருகினால் கழலும். சைக்கிளின் இடது பெடல் மட்டும் இறுகும். அனுசியாவுக்கு அது தெரியும். சொல்வதற்கு அவளுக்கென்ன பைத்தியமா?

அவன் முக்க முக்க அது இறுகியது. ஸ்பேனர் நழுவி, விரல் முட்டிகள் முள்ளில் போய் விழுந்து தோல் உரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவன் ஸ்பேனரை வைதான், அவள் அம்மாவை வைதான், எழுந்து அவள் வயிற்றில் உதைத்தான். அப்படியும் வெறி அடங்காமல் வெறுங்காலால் பெடலை ஓங்கி மிதித்தான். நாலைந்து முள் உள்ளங்காலில் ஏறிவிட்டது.

“ஏட்டி, தூக்கிவிடுட்டி! ரத்தம் கொட்டுது!”

அவளுக்குப் பாவமாகவே இல்லை. அதுதான் அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது. வயிற்றைப் பிடித்தபடி சைக்கிளை அவனைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போய் ஏறினாள். தூறலில் செருப்பு ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

விடுதி வாசலில் காவலாளி எபனேசர் பதறிவிட்டார்.

“என்னம்மா, உதட்டுல, செருப்புலன்னு ஒரே ரத்தம்?”

“உதட்டுல உள்ளதுதான் என்னுது அண்ணாச்சி. மணி என்ன ஆவுது?”

“ஆறாக ரெண்டு நிமிசம் கெடக்கு.”

அவள் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டாள்.