பக்கத்து வீட்டுக் கோடி

பந்தலூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் துணை என்றதும் நினைவுக்கு வருவது யானை. விடியுமுன் குழாயடிக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "தொணைக்கு வாங்க" என்பார்கள். உள்ளே இருப்பவர் காரணம் கேட்பதில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு டார்ச்சுடன் வெளியே வருவார். அம்மா தட்டியது எப்போதும் இடப்பக்கத்துக் கதவைத்தான்.

அந்த வீட்டில் இருந்தவர் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு விதவை. அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பாவின் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். அம்மாவின் பிறந்த வீட்டார் அங்கேயே தங்கிவிட்டார்கள். இரண்டு பெண்களுக்கும் இடையில் ஒரு சுவர். மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது அடுத்தடுத்த நிரை. மூடுபனி இறங்கி ஆள் தெரியாமல் போனால் ஒருவர் "ஓய்" என்பார், மற்றவர் "ஓய்" என்பார். அதற்குமேல் பேச்சு இருக்காது.

அம்மா அவரைக் கூட்டாளி என்பார். இலங்கையில் நண்பர்களை அப்படித்தான் சொல்வார்கள்.

"ஏனுங்க அக்கா, கூட்டாளின்னா லாவத்துல பங்கு குடுக்கோணுமுங்க. எங்க என்ற பங்கு?" என்பார் அவர்.

"வெத்தலையில பாதி தாறேன் தானே. அது பத்தாதா ஒனக்கு?"

"காம்பக் கிள்ளாம குடுக்கறீங்க. அதுல என்ன லாவம்?"

நான் கோவையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் பல வருடம் வேலை செய்தேன். நட்பு, தோழமை, உறவு, சுற்றம் என்று சொற்களை இடம் பார்த்து மாற்றிப் போடுவது என் வேலையில் ஒரு பகுதி. சமூகம் என்று எழுதினால் வாசகர்கள் சாதி என்றே படிக்கிறார்கள் என்பதை அங்கேதான் கவனித்தேன். அம்மாவுக்கும் அவருக்கும் இடையில் இருந்ததற்கு எது பொருந்தும் என்று யோசித்ததில்லை. தேவை வரவில்லை.

அம்மா இறந்த மறுநாள் காலை தேவை வந்தது.

எங்களில் இறந்தவர் மீது உறவினர் போர்த்தும் புதுத்துணியைக் கோடி என்பார்கள். பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து வரும் சேலையை முதலில் போட வேண்டும். தோட்டத் தலைவர் தப்பு மேளத்தை நிறுத்தச் சொல்லி, யார் வீட்டுக் கோடி என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போர்த்துவார். அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவர இந்த மலையில் யாரும் இல்லை. இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, என் அண்ணனின் கைப்பேசித் திரையில் அழுதுகொண்டிருந்தார்.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் கடைக் கவரைப் பிரிக்காத பச்சைச் சேலை.

தலைவர் சேலையை வாங்கவில்லை. "என்னா முறையில போடுற தாயி? பக்கத்து வீட்டுக்காரங்கன்னா மாலை போடலாம். கோடி சொந்தத்துக்கு உள்ளது."

"சொந்தமில்லீங்க."

"அதத்தான் கேக்குறேன்."

பின்னாலிருந்து ஒருவர், "அவங்க வேற ஆளுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

மாமாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். திரையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, நீங்க தானே எங்க அக்காவ இத்தன காலம் பாத்தது? எங்க வீட்டு சார்பா நீங்களே போடுங்க" என்றார்.

தலைவரின் முகம் தெளிந்தது. வழி கிடைத்துவிட்டது. அண்ணனும் தலையசைத்தான். தலைவர் சேலைக்குக் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை.

"தம்பி தப்பா நெனைக்காதீங்க. உங்க கோடிய உங்க பேருல வாங்கிப் போடச் சொல்லுங்க. அது அவுங்களுக்கு வரோணும். இது நா கொண்டாந்ததுங்க. உங்க சார்புன்னு சொல்லிப் போட்டா, நா ஒண்ணும் போடாத மாதிரி ஆயிருமுங்க."

அண்ணன் ஒரு பையனை பைக்கில் பஜாருக்கு அனுப்பினான். சேலை வரும்வரை அவர் அம்மாவின் கால்மாட்டில் நின்றார். யாரோ நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை.

அரக்கு நிறச் சேலை வந்தது. தப்பு நின்றது. "பொறந்த வீட்டுக் கோடி" என்று தலைவர் குரல் கொடுத்துப் போர்த்தினார். திரையில் மாமா கும்பிட்டார். பிறகு தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ பேப்பர்ல எழுதுற புள்ள தானே. இதுக்கு என்னான்னு சொல்றது, சொல்லு. சொல்லாம கோடி போட ஏலாது."

எனக்குத் தெரிந்த சொற்களை மனதுக்குள் எடுத்துப் பார்த்தேன். தோழி என்றால் பள்ளிக்கூடத்து வாசனை. சிநேகிதி கதைப் புத்தகத்தில் வருவது. உடன்பிறவாச் சகோதரி என்பது அஞ்சலி போஸ்டரில் காசு கொடுத்துப் போடுவது. கூட்டாளி, அம்மா வாயில் மட்டும் சரியாக இருந்தது. அந்தக் கூட்டத்தின் முன்னால் அதை உரக்கச் சொன்னால் யாராவது சிரித்திருப்பார்கள். தலைவர் காத்திருந்தார்.

"ஒண்ணுஞ் சொல்லாண்டாங்க," என்றார் அவர். "ஆருக்குச் சொல்றீங்க? அவுங்களுக்குத் தெரியுமுங்க."

தலைவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். தப்புக்காரர்களும் குச்சியை ஓங்கியபடியே நின்றார்கள். பிறகு தலைவர் பச்சைச் சேலையை வாங்கி, உதறி, அரக்குச் சேலையின் மேல் போர்த்தினார். எதுவும் சொல்லவில்லை. தப்பு மறுபடி தொடங்கியது.

ஆண்கள் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது மதியம் தாண்டியிருந்தது. சாவு வீட்டில் அன்று அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்துதான் முதல் சோறு வரும். வரவில்லை. அண்ணி வாசலை இரண்டு முறை பார்த்தார். குழந்தைகள் பசி என்றன.

நான் போய் எட்டிப் பார்த்தேன். அவர் கதவு திறந்தே கிடந்தது. தலைக்குக் குளித்த ஈரத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடுப்பில் சாம்பல்கூட இல்லை, துடைத்து விட்டிருந்தார்.

"எங்கூட்லயும் இன்னிக்குப் பத்த வெக்கலீங்க கண்ணு" என்றார்.

திரும்பும்போது கீழ் லைன் வீடுகளிலிருந்து இரண்டு பெண்கள் தூக்குப்பாத்திரங்களோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். காலையில் எங்கள் வாசலில் நின்றவர்கள். ஒருத்தி எங்கள் வீட்டுக்குள் போனாள். மற்றவள் என்னைத் தாண்டி அவர் வாசலில் பாத்திரத்தை இறக்கினாள். யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க முடியாது.

உள்ளே அண்ணியிடம் முதலாமவள் சொல்வது கேட்டது. "கொஞ்சமாச்சும் சாப்புடுங்க. ஒடம்பு தாங்காது."

இவளும் குனிந்து அதையே சொன்னாள்.