பெரியப்பா படத்து மெடல்

ஈரச் செய்தித்தாளால் கண்ணாடியைத் தேய்க்கும்போது எழும் அந்தக் "கீச்" சத்தம்தான் எனக்கு வெள்ளிக்கிழமை. ராயபுரத்து வீட்டில் பட்டாளத்து உடுப்போடு விறைப்பாக நின்ற பெரியப்பாவின் படத்தைப் பெரியம்மா அப்படித்தான் துடைப்பாள். பக்கத்திலிருந்த தாத்தா படத்துக்குப் பொட்டும் பூவும் உண்டு, பெரியப்பாவுக்குக் கிடையாது. பர்மா சண்டையில் "காணோம்" என்று தகவல் வந்ததே தவிர, செத்துப்போனார் என்று யாரும் சொல்லவில்லையே. ரங்கூனில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று தெருவில் சிலர் வாய் கூசாமல் பேசினார்கள். பெரியம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு வளைய வருவாள்.

மாடிக்குப் புதிதாகக் குடிவந்த மிலிட்ரிக்காரர் ஒருநாள் படத்தில் மார்பிலிருந்த மெடலை உற்றுப் பார்த்தார். "இத்த சண்டை முடிஞ்சப்புறம்தாம்மா குட்தாங்கோ. அப்போ உன் வூட்டுக்காரரு கடைசி வரிக்கும் உசுரோடதான் இருந்துகிறாரு" என்று, நல்ல சேதி சொல்லும் சந்தோஷத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியம்மா முதலில் சிரித்தாள். பிறகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"உசுரோட இருந்தாருன்னா இன்னாத்துக்கு வூட்டுக்கு வர்ல?"

சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. தெரு பேசியதெல்லாம் நிஜமாகிவிட்டதே என்று வெந்துபோனாள். துறைமுக வேலை முடிந்து வந்த என் அப்பா அவள் எதிரில் தலைகுனிந்து நின்றார்.

"அண்ணி, அண்ணன் போட்டோவ பெருசு பண்ணக் குட்தப்போ, அந்த மெடல நான்தான் ஸ்டூடியோவுல 'டச்சப்' பண்ணி வரையச் சொன்னேன். கூட வேலை செய்ற பழைய பட்டாளத்துக்காரரு மெடல மாதிரிக்குக் காட்னேன். அண்ணன் ஒரு மெடலும் இல்லாம நிக்கிறது மனசுக்கு ஒப்பல."

"அப்போ அவரு என்னிய வுட்டுட்டுப் போவல" என்று சொல்லிவிட்டு, அத்தனை வருஷம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள் பெரியம்மா. அன்றைக்கே பூ வாங்கி வரச் சொல்லி, தன் கையால் படத்துக்கு மாலை போட்டாள். மெடலை அழித்துவிடலாமா என்று அப்பா கேட்டதற்கு, "இருக்கட்டும் தம்பி, நீ ஆசையா போட்டது" என்றாள்.

இப்போது அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. தூரிகை பிடித்துக் கோட்டும் மெடலும் போட்டுவிடுகிற ஆட்களும் இல்லை, பெரியம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. படம் எர்ணாவூரில் என் வீட்டில் இருக்கிறது. போன வாரம் என் பேத்தி அதைப் போனில் பிடித்துப் பெரிதாக்கி, எதையெதையோ தேடிப் படித்துவிட்டு வந்தாள்.

"தாத்தா, தொப்பி, பெல்ட்டு எல்லாம் சண்டை ஆரம்பத்துல உள்ளது. மெடலு மட்டும் அப்புறம் வந்தது. யாரோ வரைஞ்சிருக்காங்க, எடுத்துடட்டா?"

"வேணாம்மா," என்றேன். "அது எங்கப்பா எங்க பெரியம்மாவுக்குக் குடுத்த மெடலு."