கடல் எந்தப் பக்கம்?

அம்மாவின் தம்பியான என் மாமா காரைக்காலில் ஒரு பொது நூலகத்தில் உதவியாளர். புத்தகம் எடுத்துக் கொடுத்ததைவிட "உஷ்" என்று அதட்டியதுதான் அதிகம். யாருடைய செல்போனாவது முனகினால்கூட ஒரு முறைப்பு முறைப்பார். அப்படிப்பட்டவரைப் போய்ப் பொம்மலாட்டப் பயிற்சிக்குப் புதுச்சேரிக்கு அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்தவர் பக்கத்து ஊரான நெரவியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியை ஓடாக வைத்து, பழைய காலுறையில் கழுத்து தைத்து, ஒரு கடலாமைக் குஞ்சு செய்தார். யாரையும் தொட விடவில்லை.

நூலகர் அம்மாவுக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. நூலகத்திலேயே ஓர் ஆட்டம் போட்டுப் பார்க்கட்டும், பிள்ளைகளுக்குப் பிடித்தால் மாதாமாதம் நடத்தலாம், இல்லையென்றால் இதோடு சரி என்று சொல்லிவிட்டார். ஆட்டத்தன்று காலை மாமா சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

ஆனாலும் பழக்கம் விடுமா? நூலக வாசலில் பிள்ளைகள் எங்களை வரிசையாக நிறுத்தி, "சத்தம் வந்துச்சு, வெளிய அனுப்பிடுவேன்" என்று மிரட்டிவிட்டுத்தான் உள்ளே போனார். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே என் அம்மாவின் பச்சைப் புடவை கட்டியிருந்தது. நாங்கள் ஜமக்காளத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

புடவைக்கு மேலே ஆமை தலையை நீட்டியது. அதன் கண் சட்டைப் பொத்தான் என்று எனக்குத் தெரியும். தைத்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். இருந்தும் அது என்னைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. குரலில் மாமாவின் சாயல் துளியும் இல்லை.

"இப்பதான் முட்டையிலேருந்து வந்தேன். வழி தெரியல. கடல் எந்தப் பக்கங்க?"

காரைக்கால் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியா அது! அத்தனை பேரும் கிழக்கே கையை நீட்டினோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆமை மறுபடி கேட்டது. எம்பி எம்பிக் காட்டினோம். அதுவோ பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தது. லாரியில் அடிபட்டுச் செத்துவிடும் என்று எனக்கு அழுகை முட்டியது. பின்னால் நின்ற நூலகர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"யாராச்சும் இருக்கீங்களா?" ஆமையின் குரல் கம்மியிருந்தது.

மாமா வெளியே அனுப்பினால் அனுப்பட்டும். "கெழக்கால போ! கெழக்கால!" என்று கத்தினேன். அவ்வளவுதான், கூரை பறக்கிற மாதிரி எல்லாரும் கத்தினார்கள். ஆமை அப்படியே நின்றது. கழுத்து நடுங்கியது. பிறகு மெல்லத் திரும்பி, கிழக்கே போய் மறைந்தது. அப்படியொரு அதிசயத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை. என் பேச்சைக் கேட்டு ஓர் ஆமை கடலுக்குப் போனது!

ஆட்டம் முடிந்து மாமா வெளியே வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கண்ணும்தான்.

"இவ்வளவு நேரம் எங்கடி போயிருந்தீங்க எல்லாரும்?"

"இங்கதான் மாமா இருந்தோம். நீங்கதானே சத்தம் போடக் கூடாதுன்னீங்க!"

மாமா தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நூலகர் அம்மா சிரித்துக்கொண்டே, அடுத்த மாதத்துக்கும் அறையைத் தருவதாகச் சொன்னார்.

ஆமையைக் காப்பாற்றிய பெருமையோடு நான் பஸ் ஏறினேன். கையை உயரத் தூக்கிக்கொண்டு புடவைக்குக் கீழே குந்தியிருக்கிறவருக்கு, நாங்கள் நீட்டிய கைகளில் ஒன்றுகூடத் தெரியாது என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. யாராவது இருக்கிறீர்களா என்ற கேள்வி ஆமையின் கதையிலேயே கிடையாது. அதைக் கேட்டது மாமா.