தலைகீழாய்க் கிடந்த லாரி டிரைவர்

இருபத்திரண்டு வருடமாக மயக்க மருந்து கொடுத்துவரும் அந்த டாக்டரம்மாவுக்கு, ரோபோவில் ஆபரேஷன் செய்யும் சர்ஜன் மேல் மரியாதை மிச்சமில்லை. மூலையில் ரோபோவை இயக்கும் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நோயாளியைத் திரும்பியும் பாராமல் வெட்டுகிறவரை அவள் எதற்கு மதிக்க வேண்டும்?

அன்று மேசையில் கிடந்தவர் பருத்த உடம்புள்ள ஒரு லாரி டிரைவர். தலை கீழே, கால் மேலே சாய்த்து, உள்ளே ரோபோ வேலை செய்ய இடம் கிடைப்பதற்காக வயிற்றுக்குள் வாயுவை ஏற்றியிருந்தார்கள். வயிறு நுரையீரலை நெருக்க, மூச்சு மெஷினில் அழுத்தம் ஏறியது, ஆக்சிஜன் இறங்கியது. மூச்சின் அளவைக் குறைத்து, வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். போதவில்லை.

"சார், வயித்துல ஏத்தின கேஸை எறக்கிட்டு மேசையை நேராக்கணும்."

"அதுக்கு வயித்துல மாட்டின ரோபோ கையெல்லாம் கழட்டணும்மா. வெளியூர் டாக்டருங்க பாத்துட்டிருக்காங்க. ஏதாவது குடுத்து சமாளிங்க."

"விருந்தாளி வந்திருக்கறது நுரையீரலுக்குத் தெரியாது சார். கழட்டுங்க. இல்லன்னா, நான் சொல்லியும் நீங்க கேக்கலன்னு இப்பவே எழுதறேன்."

உயிர் என்றபோது அசையாத மனிதர், எழுத்து என்றதும் எழுந்தார். மேசை நேரானது. அவள் மெஷினோடு இணைந்த மூச்சுப் பையை மெல்ல அழுத்தி நுரையீரலை விரித்தாள், ஆக்சிஜன் ஏறியது. மீதி வேலை பாதிச் சாய்விலேயே சிரமமில்லாமல் முடிந்தது.

வெளியே சர்ஜன் விருந்தாளிகளிடம், "நுரையீரல் விஷயத்துல நான் ரொம்ப கறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவரைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கண் விழித்த டிரைவரிடம் போனாள்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்றார் அவர்.

"முடிஞ்சிருச்சுங்க. நல்லா இழுத்து மூச்சு விடுங்க."