நாற்பத்தொரு நோய்க்கும் ஒரே போத்தல்

டிராமில் யாராவது இருமினால் போதும், அந்தோனிப்பிள்ளையின் வலது கை தானாக ஜாக்கெட்டுக்குள் போய்விடும். இருமியவர் தமிழரா, ஜேர்மனியரா, துருக்கியரா என்ற பேதமெல்லாம் அந்தக் கைக்குத் தெரியாது. உள்ளங்கையளவு போத்தல் ஒன்று வெளியே வரும், கூடவே ஒரு பிளாஸ்டிக் கரண்டியும் வரும். "குடிச்சுப் பாருங்கோ, எல்லாத்துக்கும் நல்லது" என்பார், தமிழிலேயே. கெல்சென்கிர்ச்சன் நகரத்துக்கு வந்து முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. மற்றதையெல்லாம் ஜேர்மன் மொழியில் பேசிவிடுவார். ஆனால் இந்த வசனத்தை மொழிபெயர்த்தால் மருந்தின் வீரியம் குறைந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். இருமியவர்களில் பெரும்பாலானோர் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிடுவார்கள். இறங்கியபிறகு அவர்கள் இருமியதை அவர் பார்த்ததில்லை. ஆகவே அவரைப் பொறுத்தவரை அவர்களும் குணமானவர்கள்தான்.

மருந்தின் பெயர் சர்வநிவாரணி. வாரத்தில் ஐந்து நாள் டிப்போவில் டிராம் பெட்டி கழுவுகிற மனிதர், சனிக்கிழமை காலையில் வைத்தியராகிவிடுவார். மல்லி, வேர்க்கொம்பு, திப்பிலி, அதிமதுரம், இன்னும் யாருக்கும் சொல்லாத ஒரு சாமான், எல்லாம் பெரிய பானையில் ஐந்து மணித்தியாலம் கொதிக்கும். முதல் தடவை கொதித்தபோது கீழ்வீட்டுக்காரி ஃபிராவ் கொவால்ஸ்கி தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். இப்போது அவரே மாதம் ஒரு போத்தல் வாங்குகிறார். அவருக்காக இல்லை, நாய்க்காக. லேபிளில் முப்பத்தொன்பதாவதாக அச்சாகியிருக்கும் 'வளர்ப்புப் பிராணிகளின் சோம்பல்' அந்த வகையில் வந்ததுதான்.

லேபிளைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றி ஒன்றுமே சொன்னதாகாது. நடுவில் அவருடைய முப்பத்திரண்டு வயதுப் படம், கரிய மீசையோடு. சுற்றிலும் நோய்களின் பட்டியல். ஆரம்பத்தில் ஒன்பதுதான் இருந்தன. இன்றைக்கு நாற்பத்தொன்று. வாதம், பித்தம், தலையிடியில் தொடங்கி பரீட்சைப் பயம், கம்ப்யூட்டர்க் கண், மாமியாரால் வரும் படபடப்பு என்று போகிறது. போத்தல் சிறியது என்பதால் லேபிள் இப்போது ஒன்றரைச் சுற்றுச் சுற்றி ஒட்டப்படுகிறது. முப்பத்துமூன்றாவது நோய் நரை. "உங்கட மீசைக்கு மாசாமாசம் மை பூசிறது நான், பேர் வாங்கிறது போத்தலோ?" என்று அவருடைய மனைவி தேவமலர் கேட்டதுண்டு.

இதைக் கேட்டுவிட்டு அவரை ஏமாற்றுக்காரர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அவருக்கென்று ஒரு நேர்மை உண்டு. மூன்று பேர் வந்து குணமானோம் என்று வாயால் சொன்னாலொழிய ஒரு நோயை லேபிளில் ஏற்றமாட்டார். டுசல்டோர்ஃபில் வேலைபார்க்கிற ராகவேந்திரா என்ற சென்னை எஞ்சினியர் ஒருநாள் தமிழ்க்கடையில் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், டிசீஸ் எல்லாம் போட்டிருக்கீங்க. இன்கிரீடியன்ட்ஸ் ஒண்ணுகூட இல்லையே?" என்று கேட்டார். "தம்பி, என்ன இருக்கெண்டு தெரிஞ்சால் அது வேலை செய்யாது" என்றார் அந்தோனிப்பிள்ளை. எஞ்சினியர் சற்று யோசித்தார். பிறகு இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு போனார்.

பதினேழாவது நோய் நீரிழிவு. இதற்கும் மூன்று சாட்சி உண்டு. இரண்டு பேர் வெளியார். மூன்றாவது சாட்சி அந்தோனிப்பிள்ளை. ஆறு வருடத்துக்கு முன் அவருக்கே சீனி வருத்தம் வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். அவர் மாத்திரையையும் போட்டார், சர்வநிவாரணியையும் ஒரு கரண்டி குடித்தார். மூன்று மாதத்தில் சீனி இறங்கிவிட்டது. எது இறக்கியது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனாலும் மாத்திரையை நிறுத்தவில்லை. அதை வாங்குவதற்குச் சொந்த ஊரை விட்டு, தமிழர் தலை தென்படாத ஒரு மருந்துக்கடையைத் தேடி பதினோரு தரிப்புத் தள்ளிப் போவார். மகள் பிரபாலினி வேலைசெய்யும் மருந்துக்கடை வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தெருவால்கூட அவர் போவதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன ஓகஸ்டில் சிறீதரன் நொண்டிக்கொண்டு தமிழ்க்கடைக்கு வரும்வரை.

சிறீதரன் சாதாரண வாடிக்கையாளர் இல்லை. பட்டியலின் பதினோரு நோய்களுக்கு அவரே சாட்சி. அன்று இடது காலில் சப்பாத்து இல்லை, சீலைத் துணி சுற்றிய கால் செருப்புக்குள் இருந்தது. முகம் மட்டும் கலியாண வீட்டுக்குப் போகிறவர் போல மலர்ந்திருந்தது.

"அண்ணை, சீனிக் குளிசை எல்லாத்தையும் குப்பையில போட்டிட்டன். ஊசியையும் நிப்பாட்டியாச்சு. ரெண்டு மாசம். உங்கட பதினேழாம் நம்பர் என்னைக் காப்பாத்திப்போட்டுது."

அந்தோனிப்பிள்ளை அவரைக் கிட்டக் கூப்பிட்டார். "எத்தினை கரண்டி குடிக்கிறீர்?"

"கரண்டியோ? அது நம்பிக்கை இல்லாத ஆக்களுக்கு. நான் கோப்பையில குடிக்கிறன்."

"காலுக்கு என்ன?"

"வேலைச் சப்பாத்து வெட்டினது. மூண்டு கிழமையாக் காயேல்லை. அதுக்கும் உந்த மருந்தைத்தான் பூசுறன்." சிறீதரன் பெருமையோடு குனிந்து காட்டினார். சீலையைச் சுற்றி இரண்டு குளவிகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. "பாருங்கோ, குளவிக்குக்கூடத் தெரியுது நல்ல சாமான் எண்டு."

குளவிக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. யாருக்கும் சொல்லாத அந்தச் சாமான் பனங்கட்டி, அதாவது கருப்பட்டி. ஒரு பானைக்கு மூன்று கிலோ.

வீட்டுக்கு வந்தவர் மகளிடம் சொன்னார். பனங்கட்டியையும் சேர்த்துச் சொன்னார், முதல் தடவையாக. பிரபாலினி சிரிக்கவில்லை. "அப்பா, அந்தக் கால் அழுகத் தொடங்கினால் வெட்டி எடுக்கிறதைத் தவிர வழியில்லை. நாளைக்கே அவரை டாக்டரிட்டப் போகச் சொல்லுங்கோ."

சொன்னார். அந்தோனிப்பிள்ளையின் வாழ்க்கையில் இப்படி ஒரு வியாபாரத்தில் அவர் தோற்றதே இல்லை. முதல் நாள் போய், பதினேழாவது அச்சுப்பிழை என்றார். "உது உங்கட பணிவு, அண்ணை" என்று சிறீதரன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாள் போய், கூடுதலாகக் குடித்தால் ஆபத்து என்றார். அப்படியென்றால் வீரியமுள்ள மருந்துதான் என்று சிறீதரன் இன்னும் உற்சாகமாகிவிட்டார். மூன்றாம் நாள் பாதிரியாரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலத் தலையைக் குனிந்து பனங்கட்டி ரகசியத்தையே சொல்லிவிட்டார். "பனங்கட்டி வேற, சீனி வேற" என்றார் சிறீதரன், தன் ஆசிரியருக்கே பாடம் எடுக்கிற மாணவனின் கனிவோடு. இனி மருந்து தரமாட்டேன் என்று மிரட்டியபோது சோபாவைத் தூக்கிக் காட்டினார். அதற்கடியில் பதினெட்டுப் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் முப்பத்திரண்டு வயது அந்தோனிப்பிள்ளை மீசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் வைத்து சிறீதரன் குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, எனக்கு விளங்குது. உங்கட மகள் வெள்ளைக்காரன்ர மருந்துக்கடையில வேலை. அவங்கள் உங்களை வெருட்டிப்போட்டாங்கள். பயப்பிடாதேங்கோ, நாங்கள் உங்களோட நிக்கிறம்."

திரும்பி வரும் வழியில் டிராமில் ஒரு கிழவி இருமினார். அந்தோனிப்பிள்ளையின் கை அசையவில்லை. இத்தனை வருடத்தில் தன் பேச்சை உலகம் நம்பவில்லையே என்று அவர் ஏங்கியதுண்டு. நம்பினால் இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"உங்கட மருந்தில அவருக்கு நம்பிக்கை இல்லை அப்பா, உங்களிலதான் நம்பிக்கை" என்றாள் பிரபாலினி. "நீங்களே குளிசை போடுறியள் எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டுக்கும் அவர் அசையமாட்டார்."

அதைச் சொல்வதைவிட நாற்பத்தொரு நோயும் ஒரேயடியாக வந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிறு மத்தியானம் அப்பாவும் மகளும் சிறீதரன் வீட்டுக்குப் போனார்கள். போன நேரம் நல்ல நேரமில்லை. சிறீதரனின் மனைவி கமலநாயகியின் பிறந்தநாள் அது. சோபா முழுக்க ஆட்கள், எல்லோரும் சர்வநிவாரணி குடிப்பவர்கள். அந்தோனிப்பிள்ளை உள்ளே வந்ததும் இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள். சிறீதரன் காலை ஒரு கதிரையில் நீட்டியிருந்தார். பெருவிரல் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"பாருங்கோ, அறுபத்துநாலு வயது. ஒரு குளிசை தெரியாத உடம்பு!" என்று சிறீதரன் எல்லோருக்கும் அவரை அறிமுகப்படுத்தினார்.

பிரபாலினி சீனி பார்க்கும் சிறிய மெசினை எடுத்து, "மாமா, ஒருக்கால் விரலைத் தாங்கோ" என்றாள். சிறீதரன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கடியில் செருகிக்கொண்டார். "ஏலாது பிள்ளை. நம்பாத ஆக்கள்தான் குத்திப் பாக்கிறது."

அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தோனிப்பிள்ளை அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அந்தக் கறுத்த விரலைப் பார்த்தார். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, தேவையே இல்லாமல் முழங்கைவரை சுருட்டிக்கொண்டு, மகளுக்கு முன்னால் கையை நீட்டினார்.

"எனக்குக் குத்து, பிள்ளை. நம்பரைச் சத்தமா வாசி."

குத்தினாள். "இருநூற்றிப் பன்னிரண்டு" என்று வாசித்தாள்.

"மெசின் பிழை" என்றார் சிறீதரன் உடனே.

"பிழையில்லை. எனக்குச் சீனி. ஆறு வருசமா, காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு, குளிசை போடுறன்."

"வெருட்டித்தான் சொல்லவைக்கிறாங்கள்" என்றார் சிறீதரன், மற்றவர்களைப் பார்த்து. ஒருவர் ஆமோதித்தார்.

அந்தோனிப்பிள்ளையின் விரலிலிருந்து ஒரு துளி இரத்தம் விரிப்பில் சொட்டியது. கமலநாயகி பதறிப்போய், பழக்கதோஷத்தில், அலுமாரியிலிருந்து சர்வநிவாரணியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "பூசுங்கோ அண்ணை, உடன நிண்டிடும்." மூடியைத் திறந்து அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினார். அறை முழுவதும் அந்தப் போத்தலையே பார்த்தது.

அந்தோனிப்பிள்ளை அதைக் கையில் வாங்கவில்லை. மற்றக் கையால் மெதுவாக ஒதுக்கிவிட்டு, இரத்தம் வடிந்த விரலைச் சின்னப் பிள்ளை மாதிரித் தன் வாய்க்குள் வைத்துச் சூப்பினார்.

சிறீதரன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தொடைக்கடியில் இருந்த வலது கையை மெல்ல வெளியே எடுத்தார்.