ஆர்டித் வீட்டுக் கூரைக்கு மேல்

எங்கள் அலாஸ்கா ஏரியில், தண்ணீரிலிருந்தே கிளம்பும் மிதவை விமானம் ஓட்டுகிறவர்கள் பலர். அதில் வென்டெல் ஹாகனின் விமானம் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடலாம், அதற்குப் பிறகு தூக்கம் இருக்காது என்பதால். நான் படகுத்துறையில் பெட்ரோல் பம்பு நடத்துகிறவள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே பிழைப்பு.

வென்டெல் சால்மன் மீன் பிடிக்கிற படகுக்காரரின் மகன். கடலில் இறங்கினால் வாந்தி எடுப்பான், அதனால் ஆகாயத்துக்குப் போனான். பலகை, அடுப்பு, வேட்டைக்காரர்கள், ஒருமுறை குளியல்தொட்டி என்று சாலை போகாத இடத்துக்கெல்லாம் சுமந்தான். மனைவி எப்போதோ வெயிலைத் தேடி அரிசோனாவுக்குப் போய்விட்டாள். எஞ்சினுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து உட்கார்ந்து காதும் பாதி போய்விட்டது. ஆளுக்கு அதில் கவலை இல்லை. கவலையெல்லாம் ஆர்டித்தைப் பற்றித்தான்.

ஆர்டித் கிளினிக்கில் இரவு நர்ஸ். வீடு ஏரியின் தென்கோடியில். காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து வரும், காற்றை எதிர்த்துத்தான் கிளம்பியாக வேண்டும். ஆகவே தினமும் காலையில், அவள் தலைசாய்க்கும் நேரம் பார்த்து, வென்டெல் அவள் கூரைக்கு மேலே போவான். ஒருநாள் நல்ல சால்மனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு அவளைத் துறையில் மடக்கினான்.

"மீன நீங்களே வச்சுக்குங்க. எனக்கு வேண்டியது தூக்கம். என் கூரைமேல அந்தக் கூச்சல் நிக்கிற வரைக்கும் என் வீட்டுப் படி ஏறாதீங்க" என்றாள்.

"காத்து அங்கேருந்து அடிச்சா நான் என்னங்க பண்றது?"

"கத்தாதீங்க!"

"நான் எங்க கத்தறேன்?" என்று கத்தினான்.

அன்றிலிருந்து அவன் புத்தி விமானத்தில் கைக்கெட்டும் ஒரு நீலக் குமிழில் போய் நின்றது. அந்தக் குமிழை முழுக்க உள்ளே தள்ளினால் முன்விசிறியின் தகடுகள் காற்றை மெலிசாகச் சீவும், எஞ்சின் தலைதெறிக்கச் சுற்றும், பலம் முழுவதும் கிடைக்கும். ஊரைக் கூட்டுகிற சத்தமும் சேர்ந்து வரும். வெளியே இழுத்தால் தகடு திரும்பி, காற்றைப் பெரிய பெரிய வாயாகக் கடிக்கும். சுற்று குறையும், சத்தமும் அடங்கும். நல்ல உயரம் போன பிறகு எல்லாரும் செய்வதுதான். கிளம்பும்போதே செய்தால், ஏற்றத்தில் லாரியை டாப் கியரில் போட்ட கதைதான்.

வென்டெல் முதலில் மரங்களைத் தாண்டிய உடனே இழுத்தான். பிறகு மரங்களுக்கு மேலே. பிறகு மரங்களுக்கு முன்னால். எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? இவ்வளவு சீக்கிரமா இழுக்கிற?"

"சத்தம் கம்மியா இருக்குல்ல?"

"உயரமும் கம்மியாத்தான் இருக்கு."

"நேத்து ஆர்டித் கையாட்டினா."

"ஆட்டினது கையா, துடைப்பமா?"

"மேலேருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுதான்" என்று வெட்கப்பட்டுக்கொண்டே போனான். அந்த வயதில் அப்படி ஒரு வெட்கம்! எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் புழுக்கம். பேருக்குத்தான் காற்று. அவன் இரண்டு பருத்த வேட்டைக்காரர்களையும் ஓர் இரும்பு அடுப்பையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வழக்கமான கூச்சல், மிதவைகள் நீரைவிட்டு எழுந்தன, சட்டென்று சத்தம் அடங்கியது. விமானம் ஆர்டித் வீட்டுக்கு நேராக, ஏறவும் மாட்டாமல் பறக்கவும் மாட்டாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் குமிழை உள்ளே தள்ளியிருக்கிறான். ஒரே அலறல். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே புகுந்து, துணிக்கொடியை அறுத்துக்கொண்டு, மர உச்சிகளை உரசி மேலேறியது. பின்னால் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பும், ஆர்டித்தின் சிவப்புக் குளிர்கால உள்ளாடையும் கால் கை வீசிப் பறந்தன.

ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினான். வேட்டைக்காரர்களில் ஒருவர் துறைப் பலகையை முத்தமிட்டார். கரையோரமாக ஆர்டித் இரவு உடையும் ரப்பர் பூட்ஸுமாக ஓடி வந்தாள். இன்றைக்குக் கொலைதான் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றோம்.

வென்டெல் மிதவையிலிருந்து ஈரத் துணியை உருவி நீட்டினான். "துவைச்சுக் குடுத்துடறேங்க."

அவள் அதைப் பிடுங்கி அதாலேயே அவனை விளாசினாள். "எதுக்குய்யா சத்தத்தக் கொறைச்ச?"

"நீங்க தூங்கணும்னுதான்…"

"தூங்கினேனா? சத்தம் திடீர்னு நின்னுது. நீ போயிட்டேன்னே நினைச்சேன்." அடுத்த அடிக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் அவள் ஏதோ சொன்னாள்.

வென்டெல் காதில் கையை வைத்துக் குனிந்தான். "என்னது?"

"மலை தாண்டற வரைக்கும் கத்திக்கிட்டே போன்னேன்! மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வான்னேன்!"

எதிர்க்கரையில் நாய்கள் குரைத்தன. வென்டெலின் விமானம்கூட அவற்றை அப்படி எழுப்பியதில்லை.