பச்சிலைக் கட்டு

செந்தமிழ்ச்செல்வியைப் பொறுப்பில்லாதவள் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு நோயையும் காப்பீட்டுக்கான குறியீடாக மாற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. எந்தக் கை, எந்த எலும்பு, புது முறிவா பழையதா, எல்லாம் பார்த்துத்தான் போடுவாள். டாக்டர் ‘கை முறிவு’ என்று மொட்டையாக எழுதினால் சீட்டோடு அவர் அறைக்கே போய் நிற்பாள். ஒரே ஒரு நாள் போகவில்லை.

அன்று வெள்ளிமலைப் பக்கமிருந்து இருசம்மாளும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். மரவள்ளி மூட்டையோடு விழுந்ததில் அவளுக்கு வலது கட்டைவிரலின் அடி எலும்பு முறிந்து விலகியிருந்தது. கையில் பச்சிலைக் கட்டு. கட்டோடு மலையிறங்கி வருகிறவர்கள் விழுந்து பத்து நாளாவது ஆகியிருக்கும் என்பது செல்வியின் நினைப்பு. சீட்டில் அடிபட்ட தேதி இல்லை, அவளும் கேட்கவில்லை. ‘பழைய முறிவு’ என்று போட்டுவிட்டாள். பழைய முறிவு என்பதால் காப்பீட்டில் அவசர அறுவைக்கு அனுமதி வரவில்லை. “நாட்டுக்கட்டு கட்டிக்கினு வந்தா இப்பிடித்தான்” என்று சொல்லி, மாவுக்கட்டோடு அவர்களை அனுப்பி வைத்தவன், அவள் பக்கத்து மேசையில் காப்பீட்டு வேலை பார்க்கும் நான்.

நாலு மாதம் கழித்து, ஊனச் சான்று வாங்க விவரச் சீட்டு கேட்டு இருசம்மாள் தனியாக வந்தாள். விரல் கோணலாகக் கூடியிருந்தது. களைக்கொத்து பிடிக்க முடியவில்லையாம். இந்த முறை செல்வி கேட்டாள்.

“எப்ப வுழுந்தீங்க?”

“இங்க வந்த அன்னைக்கிக் காலையிலதாம்மா. ஜீப்பு வர்ற வரைக்கும் வலி தாங்கலன்னு பக்கத்து வூட்டுல பச்சில வெச்சிக் கட்டுனாங்க.”

செல்விக்கு முகம் செத்துப்போனது. சீட்டைத் திருத்தினாள். முதல் பதிவு தன் பிழை என்று கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

“நான்தாங்க தப்பா போட்டேன். ஆபரேசன் நின்னதுக்கு உங்க கட்டு காரணமில்ல.”

இருசம்மாள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“கட்டு கட்டிக்கினு போனதாலதான் கை போச்சுன்னு எங்க வூட்டுக்காரரு நாலு மாசமா ஏசிக்கினே இருக்காரும்மா. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீ வந்து சொல்றியா?”

செல்வி மறுநாளே லீவு போட்டு வெள்ளிமலை பஸ் ஏறினாள். “நீங்களும் வாங்கண்ணா” என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் இல்லை.